பாலாடை பார்த்துக்கொண்ட தொட்டி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த லேத் பட்டறையில் பாலாடை என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். காலையில் வந்ததும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அடியில் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை ஒரு பழைய தட்டால் வழித்து வாளியில் போடுவார். காய்ச்சிய பாலில் ஆடை எடுப்பதுபோல் இருக்கிறது என்று யாரோ ஒருவன் சொல்லப்போக, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் இன்னும் அழுத்தமாக ஒட்டும் என்று தெரிந்த மனிதர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரும்புத் தண்டை லேத்தில் மாட்டிக் கடையும்போது சூடு ஏறும். சூடு ஏறினால் வெட்டும் முனை மழுங்கும், தண்டின் அளவும் கெடும். அதனால் கூலண்ட் என்று பால் நிறத்தில் ஒரு திரவத்தை மேலே ஓடவிடுவார்கள். அது தன் வேலையை முடித்துவிட்டு அடியில் உள்ள தொட்டியில் விழும். பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். இதுவரை குற்றமில்லை. ஆனால் இயந்திரத்தின் மூட்டுகளுக்கு விடுகிற எண்ணெய் இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. சொட்டுச் சொட்டாக வழிந்து அதே தொட்டிக்கு வந்து, மூடிபோட்டதுபோல் மேலே படர்ந்துகொள்ளும். காற்று இறங்காமல் அடியில் உள்ள கூலண்ட் அழுக ஆரம்பிக்கும். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கெட்டுப்போன முட்டை வாடை மூக்கைத் துளைக்கும். அந்தத் திரவத்தில் நாள் முழுக்கக் கை வைத்தால் தோல் சிவந்து, வெடித்து, நீர் வடியும்.

பாலாடையின் கைகளைப் பார்த்தால் போதும், அந்தப் பட்டறையின் சரித்திரமே தெரிந்துவிடும். விரல் இடுக்குகளில் தோல் நிரந்தரமாக உரிந்திருக்கும். வீட்டில் அவர் சோறு பிசையும்போது எரிச்சலில் முகம் சுளிப்பார். யாராவது பார்த்தால் உடனே உப்பு அதிகம் என்று சொல்லிச் சமாளிப்பார். உப்புப் போட்ட மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு.

இத்தனை வருஷமாகியும் அவர் நிரந்தரத் தொழிலாளி ஆகவில்லை. தொட்டி சுத்தம் பண்ணுவது ஒரு வேலையா, யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்பது மேலிடத்தின் எண்ணம். அவருக்கோ அது பெரிய வேலை. எந்த லேத் எவ்வளவு எண்ணெய் கக்கும், எது வெயில் காலத்தில் சீக்கிரம் நாறும், எதன் பம்ப் கலக்கிக் கலக்கி எண்ணெயை மேலே வரவிடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தட்டை வைத்து வழிப்பது ஊசியால் கிணறு தோண்டுகிற கதை என்றும் அவருக்குத் தெரியும். அதற்கென்று ஸ்கிம்மர் என்று ஒரு கருவி இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மேனேஜரை அவர் நிம்மதியாகச் சாப்பிடவிட்டதில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் சொன்னார்.

"சரிய்யா, வாங்கித் தர்றேன். மழைக்காலம் முடியிற வரைக்கும் பாப்போம். தொட்டி நாறாம இருந்தா நீங்கதான் இந்தப் பட்டறைக்கே தொட்டிப் பொறுப்பு. நிரந்தர வேலை, நானே எழுதித் தர்றேன். நாறுச்சுன்னா வெளியாள் கம்பெனி ஒண்ணு வந்து கேட்டுக்கிட்டே இருக்கு, அவங்ககிட்ட மொத்தமா விட்டுடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு," என்றார் பாலாடை. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் வெளியே போனால் வேறு எந்தப் பட்டறையும் உள்ளே விடாது. அதை யோசித்திருக்க வேண்டும்தான்.

கருவியைத் தேர்ந்தெடுத்ததில் நடந்த கூத்து தனி. விற்பனைக்காரர் முதலில் காட்டியது வட்டத் தட்டு ஸ்கிம்மர். ஒரு தட்டு பாதி முழுகிச் சுற்றும், அதன் இரண்டு பக்கமும் எண்ணெய் ஒட்டிக்கொண்டு மேலே வரும், இரண்டு வழிப்பான்கள் அதைச் சுரண்டிக் குழாயில் விடும். சின்னதாக, அழகாக இருந்தது. மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாலாடை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பெரிய லேத்தின் தொட்டியில் திரவ மட்டம் காலையில் ஓரிடத்தில் இருக்கும், மாலையில் ஒரு சாண் இறங்கியிருக்கும். மட்டம் இறங்கினால் தட்டு காற்றைத்தான் வழிக்கும். பெல்ட் ஸ்கிம்மர் என்றால் தட்டுக்குப் பதில் சுற்றுகிற பட்டை ஒன்று நீளமாகத் தொங்கும், மட்டம் எங்கே போனாலும் கூடவே போகும்.

சரி, பெல்ட் என்றால் எந்தப் பெல்ட்? அதற்கும் அவர் வாளியில் தொட்டித் திரவத்தை மொண்டுவந்து வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் பட்டை, எஃகுத் தகடு என்று ஒவ்வொன்றாக முக்கி எடுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் எண்ணெய் நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் அந்தத் தொட்டியில் கத்தி மாதிரி இரும்புச் சுருள்கள் விழும். பிளாஸ்டிக் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எஃகுப் பெல்ட் என்று முடிவு செய்தார். விற்பனைக்காரர் பாவம், பொண்ணு பார்க்க வந்தவர்கூட இவ்வளவு கேள்வி கேட்கமாட்டார் என்று புலம்பிக்கொண்டே போனார்.

வாங்கினால் மட்டும் போதுமா? சின்னத் தொட்டிகளுக்குப் பழைய தட்டே போதும், நாற்றத்துக்குக் காரணம் பெரிய லேத்தின் தொட்டிதான். அதில் எங்கே மாட்டுவது என்று ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பி வரும் கூலண்ட் கொட்டுகிற பக்கம் மாட்டினால் அலையடித்து எண்ணெய் நிற்காது. ஆகவே எதிர்மூலையில், திரவம் அசையாமல் தேங்குகிற இடத்தில் மாட்டினார். ஓட்டுவதற்கும் நேரம் உண்டு. லேத் ஓடும்போது எண்ணெயும் கூலண்ட்டும் கலங்கிக் கிடக்கும். ஞாயிறு முழுக்க அசையாமல் கிடந்தால்தான் எண்ணெய் அத்தனையும் மேலே ஏறி நிற்கும். அதனால் திங்கட்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, மெயின் சுவிட்சைப் போட்டு, பம்ப் ஓடத் தொடங்குவதற்குள் ஸ்கிம்மரை ஓட்டி எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்; இல்லையென்றால் பெல்ட் கூலண்ட்டையும் சேர்த்துத் தூக்கிவந்துவிடும். பக்கத்தில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. அவர் பார்த்தார்.

பட்டறையில் வாடை போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் வந்தவர்கள் கதவருகில் மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கி, பிறகு சும்மா இறக்கிக்கொண்டார்கள். லேத்காரர்களின் கை அரிப்பு அடங்கியது. மேனேஜர் போகிறபோக்கில் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். ஒன்றும் சொல்லாததே அவருடைய பாராட்டு. பாலாடை வீட்டில் ஒருநாள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தார். "இன்னிக்கு உப்பு சரியா இருக்கோ?" என்று மனைவி கேட்டாள். அவர் விரல்களை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

இனி சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாடையின் மனைவிக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் கணவன்தான் சகலை. பட்டறையின் பெரிய லேத்தை ஓட்டுகிறவன். வேலையில்லாமல் திரிந்தவனை மேனேஜரிடம் கூட்டிப்போய், "நான் பொறுப்பு சார்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் பாலாடை. வந்த வேகத்தில் அவன் நிரந்தரமாகிவிட்டான். அதில் இவருக்குப் பொறாமை வந்ததா என்றால், ஒரு நாள் ராத்திரி வந்திருக்கலாம். மறுநாள் போய்விட்டது. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், இவர்கள் கீழே, அவர்கள் மாடியில். அக்காவும் தங்கையும் படிக்கட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் இரண்டு அடுப்பிலும் ஏதாவது தீயும். சகலை ஆள் கலகலப்பு. "அண்ணே, அண்ணே" என்று தேன் ஒழுகப் பேசுவான். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

மழைக்காலம் பாதியில் இருந்தபோது மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வேறு ஊரில் தனியாக இருப்பவர். பிள்ளைகள் என்று பார்த்தால் இந்த இரண்டு பெண்கள்தான். அறுவைசிகிச்சை, பிறகு படுக்கை. தூக்கி உட்காரவைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஓர் ஆண்பிள்ளை வேண்டும். தங்கைக்குக் கைக்குழந்தை. மனைவிக்குத் தையல் கம்பெனியில் விடுப்புக் கிடைக்கவில்லை. மருமகன்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும்.

"நீ போறியா?" என்று பாலாடை கேட்டார். "நான் தொட்டியை விட்டுட்டு எப்படிப் போறது?"

"எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க அண்ணே. பெரிய மிஷினை யாரு ஓட்டுறது?" என்றான் சகலை. "நீங்க போயிட்டு வாங்க. தொட்டியை நான் பாத்துக்கறேன். என் மிஷினுக்கு அடியில இருக்கிற தொட்டிதானே, நான் பாக்காம யாரு பாப்பா?"

நியாயமாகத்தான் பட்டது. கிளம்புவதற்கு முன் அவனைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் காட்டினார். வழிப்பான் பெல்ட்டை எவ்வளவு அழுத்த வேண்டும், எண்ணெய் தீர்ந்தது எப்படித் தெரியும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "திங்கட்கிழமை மட்டும் முன்னாடியே வந்துடு தம்பி. பம்ப் ஓட ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"என்னண்ணே, என்கிட்டயா சொல்றீங்க," என்று சிரித்தான். அவன் மேல் நம்பிக்கை வைத்து அவரும் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ஆயிற்று. மாமனார் வலியில் வார்டையே இரண்டாக்குவார். மருமகன் கஞ்சி ஊட்டுவார், முதுகைத் துடைத்துவிடுவார், திட்டும் வாங்கிக்கொள்வார். சொந்த மகன்தானே என்று கேட்டவர்களிடம் மாமனார், "இல்லை, மாப்பிள்ளை. ஆனா மகனா இருந்தாலும் கத்தத்தான் செய்வேன்," என்பார். கடைசியில் மாமனாரின் தங்கை வந்து பொறுப்பேற்றுக்கொண்டதும் பாலாடை திரும்பினார். நேராகப் பட்டறைக்குத்தான் போனார், பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை.

மூடியைத் திறந்தவருக்கு ஆச்சரியம். மேலே ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. "தங்கமா வச்சிருக்கியே தம்பி," என்று சகலையின் முதுகில் தட்டினார். மேனேஜரும் அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்கிம்மரை ஓட்டினார். பெல்ட் ஏறியது, இறங்கியது. வழிப்பானிலிருந்து வடிந்தது எண்ணெய் இல்லை. காபியில் பாலை அதிகம் ஊற்றியதுபோல் ஏதோ ஒரு நீர். எண்ணெயே இல்லாதபோது பெல்ட் கூலண்ட்டைத் தூக்குகிறது என்று நினைத்து நிறுத்தினார். அந்த வாரமே வாடை எட்டிப் பார்த்தது. பதறிப்போய் வழிப்பானை மாற்றினார். பெல்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கருவியையே மறு மூலைக்கு நகர்த்தினார். ஓடுகிற லேத்தில் நுரை தள்ளியது. குறைந்ததற்கு ஊற்றிய புதுக் கூலண்ட்டின் கோளாறு என்று எண்ணிக்கொண்டார். எண்ணெய் மட்டும் மேலே வரவே இல்லை. நாற்றமோ முன்பைவிட மோசம். லேத்காரர்கள் கையைச் சொறிந்துகொண்டு இவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவருடைய விரல்களும் பழையபடி வெடித்தன.

"அந்த வட்டத் தட்டையே வாங்கியிருக்கலாமோ?" என்றார் மேனேஜர். பக்கத்தில் சகலை நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணன் பாத்துப் பாத்து வாங்குனது சார். நான் என்ன சொல்றது," என்றான் அவன். அனுதாபமாகத்தான் சொன்னான். பஸ்ஸில் வரும்போதும், "விடுங்கண்ணே, எல்லாருக்கும் தப்பு நடக்கும்," என்று ஆறுதல் சொன்னான். தன் தேர்வே தப்போ என்று பாலாடைக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. வாளியில் முக்கி முக்கிப் பார்த்ததெல்லாம் வெறும் வித்தைதானோ?

கடைசியாக அவர் செய்தது மிகச் சின்ன வேலை. கண்ணாடி ஜாடி ஒன்றில் தொட்டித் திரவத்தை எடுத்து சனிக்கிழமை ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். நல்ல கூலண்ட் என்றால் இரண்டு நாளில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும். திங்கட்கிழமை பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். ஜாடியை மூடிக் குலுக்கினார். நுரை கழுத்துவரை ஏறி, இறங்காமல் நின்றது.

சோப்பு. யாரோ தொட்டியில் சோப்பைக் கலந்திருக்கிறார்கள். சோப்பு விழுந்தால் எண்ணெய் பொடிப்பொடியாகச் சிதறி கூலண்ட்டோடு ஒன்றாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்குத் தொட்டி பளிச்சென்று இருக்கும். உண்மையில் எண்ணெய் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே ஒளிந்துகொண்டது. அப்படிக் கலந்துவிட்ட எண்ணெயை எந்தப் பெல்ட்டாலும் எந்தத் தட்டாலும் பிரிக்க முடியாது. தொட்டியைக் காலி செய்து கொட்டுவதுதான் ஒரே வழி.

முதலில் சகலையிடம்தான் ஓடினார். "தம்பி, நான் இல்லாதப்ப யாராவது தொட்டியில சோப்பு ஊத்துனாங்களா?"

சகலை லேத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தரை கழுவுற அந்தம்மா வாளியைக் கொண்டுவந்து இங்க கவுத்த மாதிரி ஒரு தடவை பாத்தேன் அண்ணே. நான் பெருசா எடுத்துக்கலை."

சாதுவான மனிதருக்குக் கோபம் வந்தால் அது யார்மேல் விழுகிறது என்று பார்ப்பதில்லை. பாலாடை துப்புரவு வேலை செய்யும் அம்மாவை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டார். உன் சோம்பேறித்தனத்துக்கு என் பிழைப்பா கிடைத்தது என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினார். அந்தம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப என் சோப்புக் கேன் வாரா வாரம் பாதியாப் போச்சு. காணோம்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னதே நான்தான்," என்றாள். "அப்ப தொட்டியை யாரு பாத்தாங்களோ அவங்ககிட்டப் போய்க் கேளுங்க. கேனும் கையுமா நானே பாத்தேன். உங்க சொந்தக்காரர் ஆச்சேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதுக்கு நல்ல மரியாதை பண்ணிட்டீங்க."

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பாலாடை பெரிய லேத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சகலை அங்கே இல்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான் என்றார்கள். அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் தனியாக வந்தார். வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினார். அவன் சோப்பு ஊற்றினான், என்னிடமே பொய் சொன்னான், ஒரு பாவமும் அறியாத பொம்பளையை என் வாயாலேயே திட்டவைத்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க போன முதல் திங்கட்கிழமையே அவர் தூங்கிட்டாராம். போறதுக்குள்ள மிஷின் எல்லாம் ஓட ஆரம்பிச்சுடுச்சாம். அன்னிக்குன்னு பாத்து மேனேஜர் தொட்டியைப் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்கார். பயந்துபோய் சோப்பை ஊத்திட்டாராம். எண்ணெய் மாயமா மறைஞ்சுடுச்சாம். அப்புறம் அதுவே சுலபமா இருக்குன்னு ஒவ்வொரு வாரமும் ஊத்தியிருக்கார். தங்கச்சி அன்னிக்கே வந்து அழுதா. மாமாகிட்ட சொல்லிடாதே அக்கான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டியைக் காலி பண்ணியிருப்பேனே. இத்தனை நாளா நான் பெல்ட்டைக் கழட்டி மாட்டுறேன். பைத்தியக்காரன் மாதிரி சுத்துறேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"சோப்புத்தானேன்னு நினைச்சேங்க. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு நாம போடறதில்லையா? சுத்தமாத்தானே ஆகும்னு இருந்துட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சமையலறையில் அது சரிதான். அவருக்கு அவள்மேல் கத்தக்கூட முடியவில்லை. "நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொல்லப்போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அவர் திரும்பி வந்தபோது அவள் மாடியிலிருந்து இறங்கிவந்துகொண்டிருந்தாள்.

காலையில் மேனேஜர் அறைக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சகலை முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தான். நாற்காலியில் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சோப்பு ஊத்துனதை இவர் ஒத்துக்கிட்டார்," என்றார் மேனேஜர். "நீங்க ஊருக்குப் போகும்போது அப்படிச் செய்யச் சொல்லிட்டுப் போனீங்களாமே?"

பாலாடை சகலையின் பக்கம் திரும்பினார். "நானா?"

"எண்ணெய் தங்கிட்டா கொஞ்சம் சோப்பு விடு, மேனேஜருக்குத் தெரியாதுன்னு அண்ணன்தான் சார் சொன்னாரு," என்றான் சகலை. குரல் தழுதழுத்தது; நடிப்பா பயமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. "எனக்கு லேத் தெரியும், தொட்டியைப் பத்தி என்ன தெரியும்? அவர் சொன்னதைச் செஞ்சேன்."

"சோப்பு விட்டா கூலண்ட் கெட்டுப்போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மேனேஜர் பாலாடையைக் கேட்டார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் சொன்னீங்க?"

"நான் சொல்லலை சார்."

"பின்ன அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவருக்குத்தான் தொட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

தெரிந்தவன் சொல்லாமல் தெரியாதவன் எப்படிச் செய்வான் என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. எண்ணெயைக் கண்டால் சோப்பை எடுப்பது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்பது பாலாடைக்கு வெளியே வந்து நடக்கும்போதுதான் தோன்றியது. அறைக்குள் நிற்கும்போது சகலையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறார். அறுபடும்போது இப்படி நாக்கும் சேர்ந்து மரத்துப்போகும் என்று யாரும் சொன்னதில்லை.

மேனேஜர் கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்தார். "இத்தனை வருஷம் வேலை பாத்தவர், அதனால கேக்குறேன். நீங்க சொல்லலைங்கிறதுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா? இருந்தா நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, கேக்குறேன். இல்லைன்னா வெளியாள் கம்பெனியை வரச்சொல்லிடுவேன்."

சாட்சி ஒருத்தி இருந்தாள். வீடுவரைக்கும் பாலாடை அதையே நினைத்துக்கொண்டு வந்தார். சகலை தூங்கிப்போனதும், பயந்ததும், தானாகவே சோப்பை ஊற்றியதும் அவளுக்கு முதல் வாரமே தெரியும். தங்கை வாயாலேயே கேட்டவள். மேனேஜர் முன்னால் வந்து அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும். நேற்று அவள் மாடிக்குப் போய்ச் சொன்னதால்தான் அவன் முந்திக்கொண்டான் என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. அதைக்கூட அவர் மன்னிக்கத் தயாராக இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததைச் சொன்னார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படியா சொன்னாரு? நான் நேத்துப் போய், நீங்களே முதல்ல போய் மன்னிப்புக் கேட்டுடுங்கன்னுதான் சொல்லிட்டு வந்தேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன்."

"சரி, இருக்கட்டும். நாளைக்கு என்கூட வா. உன் தங்கச்சி உன்கிட்ட என்ன சொன்னாளோ அதை மட்டும் சொல்லு. கூட ஒரு வார்த்தை வேண்டாம்."

அவள் மாடிப் பக்கம் பார்த்தாள். மாடியில் குழந்தை அழுவதும் யாரோ தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

"அவருக்கு வேலை போயிடும்ங்க," என்றாள் அவள் மெதுவாக.

"எனக்குப் போகுதே."

"அவளுக்குக் கைக்குழந்தை. நமக்கு அப்படி இல்லையே. நான் தையலுக்குப் போறேன், ரெண்டு பேருக்குக் காணும். நீங்க எங்க போனாலும் உங்களை மதிப்பாங்க. அவரை யாரு சேத்துக்குவா? நீங்கதானே அவரைச் சேத்துவிட்டீங்க, இப்ப நீங்களே வெளிய தள்ளுனா நல்லாவா இருக்கும்?"

"நான் சோப்பு ஊத்தச் சொன்னேன்னு ஊரே பேசும். திருட்டு வேலை பாத்தேன்னு பேசும். உனக்குத் தெரியுமில்ல, நான் சொல்லலைன்னு?"

"எனக்குத் தெரியும்ங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த முகம். அதில் வஞ்சம் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. சகலை செய்தது வலித்தது. இது வேறு மாதிரி இருந்தது. அவன் அடித்தபோது அவருக்கு ஓடிவர ஒரு வீடு இருந்தது. இப்போது எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"வர மாட்டே?"

"என்னைக் கேக்காதீங்க," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் மேல போய் தங்கச்சிகிட்ட நான் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். பாவம், காலையிலேர்ந்து பயந்துக்கிட்டே இருக்கா."